மடக்கினால் தூங்கும் இரும்பு

பேனாக்கத்தி வாங்கிய கதையைச் சொல்ல உட்கார்ந்தால் முதலில் வெயிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டிவனத்து மத்தியான வெயில். நிழல் காலடிக்குள் சுருண்டு படுத்துக்கொள்ளும் நேரம். காக்கை கூடக் கத்தாது. பள்ளிக்கூடத்திலிருந்து ரயிலடிக்குப் போகிற ஏரிக்கரைச் சாலையில், இரண்டு பக்கமும் புளியமரங்கள் நிற்க, நான் மட்டும் நடந்து போவேன். பயம் என்றால் இருட்டைச் சொல்கிறவர்கள் அந்தச் சாலையில் பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும். இருட்டில் ஒன்றும் தெரியாது, அதில் ஓர் ஆறுதல் உண்டு. வெயிலில் எல்லாம் தெரியும். இலை தெரியும், கல் தெரியும், கல்லின் மேல் ஓணான் தெரியும். எல்லாம் தெரிந்தும் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்போது நான் ஒரு மிஷன் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். வீடு விழுப்புரத்தில், ரயில்வே குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரர் இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டர். காலை வண்டியில் ஏறினால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று திண்டிவனம் போய்ச் சேரும். பட்டாளத்து வண்டி எதிரே வந்தால் எங்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். அன்றைக்குப் பிள்ளைகள் நான் வருவதற்குள் ஜெபம் முடித்து உட்கார்ந்திருக்கும். சின்ன வகுப்புக்குப் பன்னிரண்டு மணியோடு பள்ளி முடிந்துவிடும். மத்தியான வண்டியைப் பிடிக்க அந்தச் சாலையில் நடப்பேன். ஐந்து வருஷம் நடந்தேன்.

அந்த ஐந்து வருஷத்தில் இரண்டு பிள்ளைகள் எனக்குத் தங்கவில்லை. முதலாவது ஏழாம் மாசத்திலேயே பிறந்தது, அழவே இல்லை. இரண்டாவது ஒன்பது நாள் இருந்தது. நன்றாகப் பால் குடித்தது, விரலை நீட்டினால் பிடித்துக்கொண்டது. ஒன்பதாம் நாள் உச்சிவேளையில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிடித்த விரலை விட்டது. அவ்வளவுதான். இரண்டும் பெண். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டதால் பெயரும் கிடையாது. கூப்பிட வேண்டுமென்றால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது வயிற்றில் இருந்தபோதுதான் இந்தக் கத்தி. இது தங்குமா தங்காதா என்பதைத் தவிர அந்த மாசங்களில் என் தலையில் வேறொன்றும் இல்லை. அடுப்படியில் அது, ரயிலில் அது, கரும்பலகையில் 'அ' எழுதிக் கை சுழிக்கும்போதும் அது.

வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் தண்ணீர் தூக்கும் ஆயா கண்டுபிடித்துவிட்டாள். ஆயா என்று பிள்ளைகள்தான் கூப்பிடும். என்னைவிட மூன்று வயது சின்னவள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நான்கு பிள்ளைகளோடு திண்டிவனம் வந்து சேர்ந்தவள். நான்கும் கல் மாதிரி உயிரோடு இருந்தன. அந்த நான்கை நினைத்துத்தான் அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"எத்தினி மாசம் டீச்சரம்மா?" என்றாள், குடத்தை இறக்கிக்கொண்டே.

"எது?"

"என்னாண்ட மறைக்காதீங்க. மீன் கொழம்பு வாசனைக்கு மூக்க மூடிக்கினீங்களே, அப்பவே தெரிஞ்சி போச்சி."

"நாலு. கர்த்தர் பாத்துக்குவார்."

"பாத்துக்குவாரு, ஏன் பாத்துக்க மாட்டாரு. நானும் ஞாயித்துக்கெழம கோயிலுக்குத்தான் வர்றேன். போன ரெண்டு வாட்டி அவரு கொஞ்சம் அசந்துட்டாரு, அதான் கேக்கறேன்." என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கோச்சிக்காதீங்க. உச்சிவேளையில ஏரிக்கரை ரோட்டுல தனியா போய்க்கினு வர்றீங்க. வயித்துப்புள்ளக்காரி, கையில ஒரு இரும்பு கெடையாது. எவளாவது இப்பிடி நடப்பாளா?"

"அதுக்கு நான் அருவாளத் தூக்கிக்கினு கிளாசுக்கு வர முடியுமா?"

"அருவா வாணாம். சின்னதா இருக்கட்டும், யாருக்கும் தெரிய வாணாம். ஆனா வெட்டற இரும்பா இருக்கணும். சாவி, ஆணி இதெல்லாம் பத்தாது." பிறகு, போகிற போக்கில் கேட்பவள் போலக் கேட்டாள்: "பின்னால எதுனா சத்தம் கேக்குதா, நடக்கறப்ப?"

கேட்கிறது என்று எப்படிச் சொல்வது? புளியஞ்சருகை மிதிக்கிற சத்தம். நான் நின்றால் ஓரடி கூட வந்து அதுவும் நிற்கும். திரும்பிப் பார்த்தால் சாலை, வெயில், ஏரித் தண்ணீரின் பளபளப்பு. அகலமாக எடுத்து வைக்கிற அடி இல்லை அது. கிட்டக் கிட்ட வைக்கிற அடி. என் ஒரு எட்டுக்கு அது மூன்று எட்டு.

பள்ளியில் வெள்ளைக்கார மிஸ்ஸம்மா கடிதம் பிரிக்க மேசை மேல் ஒரு பேனாக்கத்தி வைத்திருந்தார். மடித்தால் சுண்டுவிரல் நீளம். அதைப் பார்த்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. மடக்குக்கத்தி என்றால் சுருக்குப்பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். ஜெபம் சொல்லித் தருகிற டீச்சர் பேய்க்குப் பயந்து இரும்பு கட்டிக்கொண்டு திரிகிறாள் என்று யாரும் சிரிக்க மாட்டார்கள்.

வீட்டில் பொய் சொன்னேன். "பசங்களுக்குப் பென்சில் சீவணும். நல்ல பேனாக்கத்தியா ஒண்ணு வேணுங்க."

"பிளேடு வாங்கிக்கோ."

"பிளேடு கைய அறுக்குது."

"கத்தி கையத் தடவிக் குடுக்குமா, டீச்சர்?" என்றார். சந்தோஷமாக இருந்தால் என்னை டீச்சர் என்பார்.

ஆனால் ஒரு ஃபிட்டர் வீட்டில் மட்டமான ஆயுதம் நுழைய முடியாது. வாங்குவதென்று ஆனதும் அவருக்குத்தான் வேகம் வந்தது. ஷெட்டிலிருந்து வந்து கரியெண்ணெய்க் கையைத் தவிடு போட்டுத் தேய்த்துக்கொண்டே கத்தி இலக்கணம் சொல்வார். திறக்கும்போது நகம் வலிக்க வேண்டும். வலிக்காமல் திறக்கிற கத்தி ஒரு நாள் பைக்குள் தானாகத் திறந்துகொள்ளும். முதுகில் இருக்கிற ஸ்பிரிங் வில் கட்டையாக இருக்கக் கூடாது, தளர்ந்தும் இருக்கக் கூடாது. திறந்து பிடித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் கல்லில் பதித்ததுபோல் நிற்க வேண்டும். சூரியனுக்கு நேரே தூக்கினால் அலகுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் வரக் கூடாது. மடக்கும்போது அலகின் வாய் உள்ளே போய் வில்லின் மேல் மோதக் கூடாது. மோதினால் தினம் தினம் தன்னைத்தானே மழுக்கிக்கொள்ளும். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். என் கை வயிற்றின் மேல் இருக்கும். ஆயா வேறொரு இலக்கணம் சொல்லியிருந்தாள்: "புளிமாங்கா வெட்டனா கறுக்கணும். கறுக்கலன்னா அது இரும்பு இல்ல, சும்மா சாமான்."

விழுப்புரம் ஸ்டேஷன் வாசலில் சாக்கு விரித்து ஒருவர் பூட்டு, கத்தரி, கத்தி விற்பார். அவரிடம் முதலில் போனோம். பளபளவென்று ஒரு கத்தியை எடுத்து வீட்டுக்காரர் ஒரு தரம் திறந்தார், ஒரு தரம் மடக்கினார், சாக்கின் மேல் வைத்துவிட்டார். "இது கத்தி இல்ல, கத்தி மாதிரி பண்ண பொம்ம." விற்கிறவர் கோபப்படவில்லை. சாக்குக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தார். மான்கொம்புப் பிடி. பழசு. வீட்டுக்காரர் அதைத் திறந்த விதத்திலேயே தெரிந்தது, அவருக்கு அது வேண்டும் என்று. "இந்த எஃகு இனிமே கெடைக்காது. யுத்தத்துக்கு முந்தின சரக்கு. புடிச்சிப் பாரு."

பிடித்துப் பார்த்தேன். யாரோ பல வருஷம் பிடித்துப் பிடித்து, கட்டைவிரல் படுகிற இடத்தில் கொம்பு குழிந்திருந்தது. என் கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. சொல்லி வைத்து அளந்ததுபோல் உட்கார்ந்தது. கத்தி என் கையில் இருக்க, வேறொரு கை என் கைக்கு அடியில் இருப்பதுபோல் ஒரு வெதுவெதுப்பு.

"யாருதுங்க இது?" என்றேன்.

"வித்தவரு இப்ப இல்லீங்க," என்றார் அவர், பூட்டுகளை அடுக்கிக்கொண்டே. இந்த ஊரில் இல்லையா, இந்த உலகத்திலேயே இல்லையா என்று நான் கேட்கவில்லை. கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் அது எதை வெட்டியது என்று தெரியாமல் வயிற்றுக்குப் பக்கத்தில் எப்படி வைத்துக்கொள்வது? வீட்டுக்காரர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தார். "பென்சில் சீவற கத்திக்கு ஜாதகம் பாக்கறா பாரு."

அடுத்த சனிக்கிழமை பஜாரில் பாயின் இரும்புக்கடைக்குப் போனோம். சனிக்கிழமை இரும்பு வாங்க மாட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு அன்றுதான். கடையில் ஈ காக்கை இல்லை. சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருந்தன. காற்றே இல்லாமல் ஒரு சங்கிலி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பாய் அதைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார்.

கத்தியை யாரும் கையில் தர மாட்டார்கள். பாயும் தரவில்லை. துணி விரித்து அதன் மேல் வைத்தார். "பாருங்க சார், ஸ்டெயின்லெஸ். எலுமிச்சம்பழம் அறுங்க, உப்புல போடுங்க, ஒண்ணும் ஆவாது. கண்ணாடி மாதிரி நிக்கும். இனிமே கப்பல் வந்தாத்தான் இது."

வீட்டுக்காரர் எல்லாச் சோதனையும் செய்தார். எல்லாவற்றிலும் அது தேறியது. என்னைப் பார்த்து, "இதுதான்," என்றார்.

நான் பையிலிருந்து ஒரு புளிமாங்காயை எடுத்தேன்.

"பாய், வெட்டிப் பாக்கலாமா?"

"தாராளமா. உப்பு மொளகா வேணும்னா உள்ள கேக்கறேன்."

வெட்டினேன். அலகில் மாங்காய்ப் பால் வடிந்தது. காத்திருந்தேன். பால் காய்ந்தது. துடைத்துப் பார்த்தால் அலகு அப்படியே, கொஞ்சம்கூட மாறாமல், என் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. புளிப்பு பட்டும் ஒன்றும் நடக்காதது எனக்கு என்னவோ போல் இருந்தது.

"இது வாணாம்."

"ஏன் டீச்சரம்மா?"

"கறுக்கல."

பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஊரே கறுக்காத கத்திக்கு அலையிது. இவங்க கறுக்கற கத்தி கேக்கறாங்களே சார்."

"இதுவும் இரும்புதான்," என்று வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். "முக்காலே மூணுவீசம் இரும்பு. வேற ஒண்ணு கொஞ்சமாக் கலந்திருக்கு, துரு புடிக்காம இருக்க."

"அந்தக் கொஞ்சம்தான் எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்திலிருந்து இறங்கி, மாங்காயையும் கத்தியையும் பிடித்திருந்த கைகளுக்கு வந்து, வயிற்றில் நின்றது. பாயின் பக்கம் திரும்பி, "சாதா எஃகுல எதுனா இருக்கா பாய்?" என்றார், அது தன் யோசனை என்பதுபோல.

எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி உள்ளே கிடந்தது அது. எருமைக்கொம்புப் பிடி, ஒற்றை அலகு, என் நடுவிரல் நீளம். வீட்டுக்காரர் திறந்தார்; நகம் நொந்தது என்று விரலை உதறினார், திருப்தியாக. அசைத்தார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், பிடிக்குள்ளே பித்தளைத் தகடு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு துணியின் மேல் வைத்தார். நான் எடுத்து மாங்காயை வெட்டினேன். முதலில் ஒரு நீலம் ஓடியது. பிறகு சாம்பல். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, வாயோரமாகக் கறுப்பு மெல்லப் படர்ந்தது, ஈரத் தாளில் மை போல. கூடவே வாசனை வந்தது. பல் விழும்போது வாயில் வருமே, அந்த வாசனை.

"இது," என்றேன்.

அன்றிலிருந்து அது என் இடுப்பில். தினம் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பேன். வகுப்பில் பிள்ளைகள் மடியில் வந்து விழுமே என்று மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, கிளம்பும்போது எடுத்துச் செருகிக்கொள்வேன். ஏரிக்கரைச் சாலையில் கை அதன் மேலேயே இருக்கும். அந்த அடிகள் நிற்கவில்லை. ஆனால் முன்பு முதுகுக்குப் பின்னால் கேட்டவை இப்போது பத்தடி தள்ளிக் கேட்டன. ஐந்தாம் மாசம் போனது. ஆறு வந்தது. முதலாவது ஏழில் போனது என்பதால் ஏழைத் தாண்டுவதுதான் எனக்குக் கடல் தாண்டுவது.

ஆறாம் மாசம் நடுவில் ஒரு நாள், பன்னிரண்டு மணிக்கு இழுப்பறையைத் திறந்தேன். கத்தி திறந்து கிடந்தது. அலகு வாசலைப் பார்த்து நீண்டிருந்தது.

நான்தான் மறந்து திறந்து வைத்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும். மடக்கி வைத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது; வில் சொடுக்கிய சத்தம் கூட. அடுத்த வாரம் மறுபடியும். நகம் வலிக்கத் திறக்கிற கத்தி தானாகத் திறக்காது, அதற்காகத்தானே அதை எடுத்தோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில், கோயிலிலிருந்து வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால், போகும்போது மடக்கி உள்ளே வைத்துவிட்டுப் போன கத்தி சேலைகளின் மேல் முழுக்கத் திறந்து கிடந்தது. சேலையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். உள்ளே என்னவோ எழுந்து வந்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை பள்ளியில், பிள்ளைகளைப் பாட்டுக்கு மைதானத்தில் விட்டுவிட்டு, வகுப்புக் கதவுக்குப் பின்னால் நின்றேன். வெளியே பாட்டு. உள்ளே காலி பெஞ்சுகள். கொஞ்ச நேரத்தில் ஆயா குடத்தோடு வந்தாள். குடத்தை இறக்கினாள். இழுப்பறையைத் திறந்து கத்தியை எடுத்து, நகத்தால் முயன்று முடியாமல், அலகின் முதுகைப் பல்லால் கவ்வி இழுத்துத் திறந்தாள்.

"என்னம்மா பண்ற?" என்றேன்.

அவள் திடுக்கிடவில்லை. "எழுப்பறேன்."

"எதை?"

"மூடிக்கினு கீற கத்தி தூங்குது டீச்சரம்மா. தூங்கற இரும்புக்கு எது பயப்படும்? கட்டுமரத்துல கத்திய எப்பவும் தொறந்துதான் மரத்துல குத்தி வெப்பாங்க. எங்க வூட்டுக்காரரு போனாரே, அன்னிக்கிப் புதுசா ஒரு மடக்குக்கத்தி வாங்கிக்கினு போனாரு. பாண்டிச்சேரி சரக்கு. மடிச்சி இடுப்புல செருவிக்கினு, என்னமோ துரை மாதிரி போனாரு." கத்தியை வாசலைப் பார்த்து வைத்தாள். "மரம் மட்டும் கரைக்கு வந்திச்சி."

"வாங்கறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"இரும்புன்னுதான் நான் சொன்னேன். மடக்கறதா போய் வாங்கிக்கினு வந்தது நீங்க. கறுத்திச்சி கறுத்திச்சின்னு அவ்ளோ ஆசையா காட்டனீங்க. எந்த வாயால சொல்றது?"

"ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல யாரு தொறந்தா?"

ஆயா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வாசலை ஒரு தரம் பார்த்தாள். "அத என்னாண்ட கேட்டா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்குக் கத்தியை மடக்காமலே எடுத்துக்கொண்டேன். முந்தானையால் கையை மூடி, உள்ளே திறந்த அலகோடு ஏரிக்கரையில் நடந்தேன். பாதி வழியில் மதகு ஒன்று வரும். மதகைத் தாண்டும்போது பின்னால் சருகு நொறுங்கியது. இந்தத் தடவை ஓடவில்லை. முந்தானையை விலக்கினேன், கத்தியை நீட்டிக்கொண்டு திரும்பினேன்.

வெயில். சாலை. மரங்கள் தங்கள் நிழல் மேலேயே நின்றன. அடிச்சத்தம் நின்றுவிட்டது, ஆனால் போகவில்லை. எதிரே ஏதோ நின்றுகொண்டிருக்கிறது என்பது, கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது முகத்துக்கு முன்னால் யாராவது கை வைத்தால் தெரியுமே, அதுபோலத் தெரிந்தது. அப்போதுதான் கவனித்தேன், என் கை தானாகத் தாழ்ந்திருந்ததை. கத்தி என் முழங்கால் உயரத்துக்கு இறங்கி நீண்டிருந்தது. அந்த உயரத்தில் நிற்பது எது?

கிட்டக் கிட்ட வைக்கிற அடிகள். முதலாவது இருந்திருந்தால் ஓடுகிற வயசு. இரண்டாவது தத்தித் தத்தி நடக்கிற வயசு.

இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன். யாரைப் பார்த்துக் கத்தியை நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்த பிறகும் நான் கத்தியை விலக்கவில்லை. வயிற்றில் இருந்தது உதைத்தது. "வீட்டுக்குப் போங்க," என்றேன், வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல. எந்த வீட்டுக்கு என்று எனக்கே தெரியவில்லை. கூப்பிடப் பெயர் இருந்திருந்தால் பெயர் சொல்லிச் சொல்லியிருப்பேன். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. கத்தியை நீட்டியபடியே பின்பக்கமாகப் பத்துப் பதினைந்து அடி நடந்து, பிறகு திரும்பி ஓடினேன்.

அதன் பிறகு அந்தச் சாலையில் சத்தமே இல்லை. ஏழாம் மாசம், எட்டாம் மாசம், லீவு எடுக்கும் நாள் வரை, என் ஒரு ஜோடிக் காலின் சத்தம் மட்டும். சத்தம் கேட்ட நாட்களில் இருந்த பயம் ஒரு விதம். இது வேறு. சில நாள் மதகடியில் வேண்டுமென்றே நின்று காது கொடுத்துக் கேட்பேன். சருகு சும்மா கிடக்கும்.

வீட்டில் ஒரு தடவை கேட்டேன். "டிரங்குப் பெட்டியில கத்தியத் தொறந்து வெச்சது நீங்களா?"

"நான் ஏன் தொறக்கறேன்? பென்சில் சீவற கத்தியாச்சே அது," என்றார். சிரிக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்கிறார்.

மூன்றாவதும் பெண். முற்பகலில் பிறந்தது, குவார்ட்டர்ஸிலேயே. ரயில்வே ஆஸ்பத்திரி நர்ஸ் வந்திருந்தார். பாய்த் தலைமாட்டில் திறந்து கிடந்த கத்தியைப் பார்த்து, "யாரு இத இங்க போட்டது? எடுங்க, காலை வெட்டிக்கப் போறீங்க," என்றார். கதவுக்கு வெளியிலிருந்து வீட்டுக்காரர் குரல் வந்தது: "இருக்கட்டும் சிஸ்டர். இருக்கட்டும்." நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைச் சுவர்ப்பக்கம் தள்ளினார். குழந்தை அழுதது. அந்த வீட்டில் அதுவரை நாங்கள் அப்படி ஓர் அழுகையைக் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் காலையிலிருந்து என் விரலை அவள் கையிலிருந்து எடுக்கவில்லை. பால் கொடுக்கும்போதும் எடுக்கவில்லை. ஷெட்டுக்குப் போகாமல் வீட்டுக்காரர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பீடி பற்றவைப்பார், அணைப்பார். உச்சிவேளை வந்தது. வெளியே எல்லாம் நின்றது. அவள் பிடி ஒரு தரம் தளர்ந்தது. என் உயிர் அந்த விரல் நுனிக்கு வந்தது. பிறகு மறுபடியும் இறுக்கினாள். மத்தியான வண்டி வந்து, நின்று, போனது. அவள் விடவில்லை.

கத்தி சுவர் மாடத்துக்குப் போனது. திறந்தபடியே. யாரும் மடக்கச் சொல்லவில்லை, நானும் மடக்கவில்லை. நாற்பது நாள் என்றேன், ஞானஸ்நானம் ஆகட்டும் என்றேன், பல் முளைக்கட்டும் என்றேன். எண்ணெய் போடுவதை விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் கறுப்பின் மேல் செம்புள்ளிகள் வந்தன. வீட்டுக்காரர் நல்ல கத்தி பாழாவதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தார்.

குழந்தை குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். எங்கே விட்டாலும் அந்தச் சுவருக்குத்தான் போவாள். மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். கத்தியைப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கண் கத்தியில் இல்லை; கத்தி நீண்டிருந்த திசையில், வாசலில் இருந்தது. வாசலைப் பார்த்துச் சிரிப்பாள். வாசலில் ஒன்றும் இருக்காது. கையை நீட்டி, வா வா என்று விரலை மடக்குவாள். அந்த விளையாட்டை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பதினோராம் மாசம் அவள் நின்றாள். ஒரு மத்தியானம் நான் அடுப்படியில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தேன். சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். டிரங்குப் பெட்டியைப் பிடித்து எழுந்து, அதன் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மாடத்துக்குள் கைவிட்டு அலகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தள்ளிக்கொண்டிருந்தாள் என்றே சொல்ல வேண்டும். அந்தச் சின்னக் கை அலகை அதன் வில்லுக்கு எதிராக, மடக்குகிற திசையில் தள்ளிக்கொண்டிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரை வந்திருந்தது. அழவில்லை.

கூழ் தீய்ந்த வாசனையோடு அவள் கையைக் கட்டினேன். இரண்டு விரல், ஆழமில்லை. பால் குடித்துத் தூங்கிவிட்டாள். இத்தனை நாள் அவளைக் காத்தது என்று நான் நம்பியதை இனி அவளிடமிருந்து காக்க வேண்டும். எட்டாத உயரத்தில் வைக்கலாம். வைத்தால் நாளைக்கு நாற்காலி போட்டு ஏறுவாள். வீட்டுக்காரர் வருகிற வரைக்கும் பொறுக்கலாம். வந்தாலும் அவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். திறந்து வைத்தது நான். மதகடியில் நீட்டியதும் நான்.

பாய்ப்பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பாய் நடுவில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விலா ஏறி இறங்கியது. வெளியே வெயில், காக்கை கூடக் கத்தவில்லை. துருவில் வில் இறுகிப் போயிருந்தது. எண்ணெய் விட்டேன். முழங்காலில் வைத்து, கண்ணை அவள் விலாவை விட்டு எடுக்காமல், இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். கத்தி மடங்கியது.

விலா இறங்கியது. நின்றது. ஏறியது.

வாசற்கதவு திறந்துதான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் தூக்கத்திலேயே புரண்டாள். பாய் நடுவிலிருந்து சுவரோரமாக, மெதுவாக, நகர்ந்து படுத்தாள், இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு.